லொதோய் என்கிற சமூகம்

செம்புச் சுரங்கத்தின் சமூக உறவுத் துறையில் முப்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் உறவு வைத்துக்கொள்ள வேண்டிய சமூகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் லொதோய், வயது ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு இரட்டைத் திமில் ஒட்டகங்கள், ஒரு மோட்டார் சைக்கிள், கம்பளி போர்த்திய, பிரித்து எடுத்துச் செல்லும் ஒரு கெர் கூடார வீடு, பத்து நிமிட நடையில் ஒரு கிணறு. இவ்வளவுதான் அவருடைய உலகம்.

தென் கோபிப் பாலைவனத்தில் அந்தக் கிணற்றை நம்பி முன்பு ஏழு குடும்பங்கள் இருந்தன. சுரங்கம் வந்து நிலத்தடி நீரை உறிஞ்ச ஆரம்பித்ததும் கிணறு இறங்கியது. ஒவ்வொரு குடும்பமாக வீட்டைப் பிரித்து, மூட்டை கட்டிக்கொண்டு டவுனைப் பார்த்துப் போய்விட்டது. லொதோயின் மனைவி அவர்களுக்கெல்லாம் முன்பே, யாரும் திரும்பி வராத ஊருக்குப் போயிருந்தாள். கை விரித்து அளந்த எட்டுப் பாகம் கயிறு விட்டால் வாளி நிறைந்த கிணறு இப்போது பதினேழு பாகம் கேட்டது. போனவர்கள் விட்டுச் சென்ற கயிறுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு லொதோய் நீட்டிக்கொண்டார். எந்த முடிச்சுக்குப் பிறகு யாருடைய கயிறு வருகிறது என்பது அவர் உள்ளங்கைக்குத் தெரியும். தண்ணீர் இறைக்கும்போது பழைய அண்டை வீட்டார் எல்லோரும் கை வழியாக ஒரு தடவை வந்துபோனார்கள். ஊர்க்கூட்டம் என்று அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அவருக்கு வேண்டியதும் ஒன்றுதான். கிணற்றுக்கு மேற்கே கம்பெனி போட்டிருந்த ஒன்பதாம் நம்பர் ஆழ்துளைக் குழாயை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் ஒட்டகங்கள் பிழைக்கும். ஏழில் ஒரு குடும்பமாவது திரும்பி வரும். இந்தக் கடைசி ஆசையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அந்தக் கோடையில் கம்பெனியின் வருடாந்தரத் திருப்திக் கணக்கெடுப்புக்கு அனுஜின் வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், கையில் டேப்லெட், தலையில் கம்பெனித் தொப்பி. லொதோய் உப்புப் போட்ட பால் தேநீரைக் காய்ச்சி, முதல் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"கோடை நிம்மதியாப் போகுதா, அண்ணே?"

"நிம்மதியாப் போகுது, தங்கச்சி."

"ஒட்டகமெல்லாம் கொழுத்திருக்கா?"

"கொழுத்திருக்கு."

"புல்லு, தண்ணி?"

"குறையில்ல."

நான்கு நாளைக்கு முன்புதான் ஒரு குட்டி தாகத்தில் செத்திருந்தது. ஆனால் கோபியில் பிறந்தவன் இந்தக் கேள்விகளுக்கு வேறு பதில் சொல்ல மாட்டான். பாதி மந்தையை ஓநாய் தின்றிருந்தாலும் முதல் கிண்ணத்துக்கு நல்லதைத்தான் பேச வேண்டும். இரண்டாம் கிண்ணம் கைக்கு வந்த பிறகே கெட்டதை வெளியே எடுக்கலாம். அனுஜினும் அந்த மண்ணில் பிறந்தவள்தான், அவளுக்கும் இது தெரியும். ஆனால் மண்ணின் பண்பாட்டை மதிக்கும் நோக்கத்தோடு தலைநகர நிபுணர்கள் கேள்வித்தாளையே நலம் விசாரிப்பாகத் தயாரித்திருந்தார்கள். கேட்டதற்கு வந்த பதிலைப் பதிவு செய்வது அவள் கடமை.

லொதோய் இரண்டாம் கிண்ணத்துக்குக் கெட்டிலைத் தூக்கினார். அவள் எழுந்துவிட்டாள்.

"ஒரு வீட்டுக்குப் பதினஞ்சு நிமிஷந்தாண்ணே. அடுத்த வீட்டுக்குப் போகணும்."

"அடுத்த வீடு எங்க இருக்கு?"

அவள் டேப்லெட்டைப் பார்த்தாள். "அதுவும் நீங்கதான். குறைஞ்சது ஏழு வீட்டுலயாவது கேக்கணும்னு விதி."

வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சற்றுப் பொறுத்து மறுபடி கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள். புது விருந்தாளி என்றால் பேச்சை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். லொதோய் முதல் கிண்ணத்தை நீட்டினார். கோடை நிம்மதியாகப் போனது, ஒட்டகங்கள் கொழுத்தன. இப்படி அன்று மாலைக்குள் ஏழு முதல் கிண்ணங்கள் ஆயின, இரண்டாம் கிண்ணம் ஒன்றுகூட ஆகவில்லை. ஏழாவது தடவை இருவருக்கும் வயிறு தளும்பியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்று வண்டியில் ஏறும்போது சொன்னாள்.

"கோவமென்ன. ஒரே நாள்ல ஏழு விருந்தாளி. எனக்கு இப்படி வந்து எத்தனை வருஷமாச்சு," என்றார் லொதோய். அதில் கிண்டல் எதுவும் இல்லை, மனதாரச் சொன்னதுதான். அவள் போன பிறகு கிண்ணத்தைக் கழுவ மனம் வராமல் அப்படியே வைத்திருந்தார்.

ஒரு மாதத்தில் சுரங்கச் சாலையோரம் பெரிய பலகை முளைத்தது. 'நூறு சதவீதத் திருப்தி' என்ற எழுத்துக்குக் கீழே, கணக்கெடுப்பன்று எடுத்த படத்தில், லொதோய் தேநீர்க் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

சுரங்க வாசலில் அவருக்கு ஹெல்மெட், மஞ்சள் சட்டை, இரும்பு வைத்த பூட்ஸ், கண்ணாடி எல்லாம் மாட்டினார்கள். குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொன்னார்கள். பிறகு ஓர் அறையில் உட்காரவைத்து, கம்பெனி எப்படி மக்களின் குரலுக்குக் காது கொடுக்கிறது என்று நாற்பது நிமிடப் படம் காட்டினார்கள். படத்தில் வந்த மக்களும் அவர்தான். கடைசியில் துறைத் தலைவர் கொம்போவின் அறை கிடைத்தது. கொம்போ பருத்த, நல்ல மனிதர். எழுந்து வந்து மூக்குப்பொடிச் சிமிழை நீட்டினார். லொதோய் தன் சிமிழை நீட்டினார். இருவரும் முகர்ந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

"கோடை நிம்மதியாப் போகுதா, அண்ணே?"

லொதோய் கண்ணை மூடிக்கொண்டார். "நிம்மதியாப் போகுது."

"ரொம்ப சந்தோஷம். வேறென்ன விசேஷம்?"

நல்லவேளையாகத் தேநீர் கொண்டுவந்த பெண் இரண்டாம் தடவையும் ஊற்றினாள். லொதோய் கிணற்றைப் பற்றியும், ஒன்பதாம் நம்பர் குழாயைப் பற்றியும், செத்த குட்டியைப் பற்றியும் சொன்னார். கொம்போ தலையைத் தலையை ஆட்டிக் கேட்டார்.

"கேக்கவே கஷ்டமா இருக்குண்ணே. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இது உங்க ஒருத்தரோட பிரச்சினை. நாங்க சமூக உறவுத் துறை. தனி மனுஷனோட தண்ணியில நாங்க தலையிட்டா தப்பு. அதே தண்ணி சமூகத்தோட தண்ணியா இருந்தா, முப்பத்தொரு பேரும் ராத்திரி பகலா உக்காந்திருவோம்."

"சமூகம்னா யாரு?"

"உங்க பகுதியில இருக்கறவங்க எல்லாரும்."

"நான்தானே இருக்கேன்."

"அப்படி அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது. முதல்ல மேய்ப்பர் கமிட்டி வேணும். அஞ்சு பேர். கமிட்டி புகார் குடுத்தா பொது விசாரணை வச்சுத்தான் ஆகணும், சட்டம்."

தேர்தல் நியாயமாக நடந்தது. உள்ளாட்சி அதிகாரி வந்து மேற்பார்வை பார்த்தார். தலைவர், செயலாளர், முதியோர் பிரதிநிதி, இளைஞர் பிரதிநிதி, மகளிர் பிரதிநிதி ஆகிய ஐந்து பதவிகளுக்கும் லொதோய் போட்டியின்றித் தேர்வானார். மகளிர் பதவியை மட்டும் வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தார். பெண்களின் குரல் இல்லாத கமிட்டியைக் கம்பெனியின் மனசாட்சி ஒப்புக்கொள்ளாது என்று கொம்போ சொல்லிவிட்டார்.

பதவிக்கு ஏற்ற உதவிகளும் வந்து சேர்ந்தன. மகளிர் முன்னேற்றத்துக்குத் தையல் மெஷின். முதியோருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. இளைஞர்களுக்குக் கிணற்றங்கரையில் சிமெண்டுத் தளமும் கூடைப்பந்துக் கம்பமும். தளம் போடக் குழைத்த சிமெண்டுக்குக் கிணற்றுத் தண்ணீரையே இறைத்தார்கள். ஒட்டகங்கள் அந்தக் கம்பத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டன. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் லொதோய் பந்தை எடுத்து எறிந்து பார்த்தார். பந்து விழுந்து, உருண்டு, வெகுதூரம் போய் நின்றது. அதை எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை என்பது, தானே நடந்துபோய் எடுத்துக் கையில் பந்தோடு நிற்கும்போதுதான் முழுசாக உறைத்தது. அதன்பிறகு அவர் பந்தைத் தொடவில்லை.

கமிட்டியின் முதல் கூட்டத்தைப் பார்வையிட அனுஜின் வந்தாள். தலைவரான லொதோய் தீர்மானத்தை வாசித்தார், செயலாளரான லொதோய் எழுதிக்கொண்டார்.

"எதிர்ப்பு இருக்கான்னு கேக்கணும்ணே. கேட்டுட்டு ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும்."

"எதிர்ப்பு இருக்கா?" என்று லொதோய் கேட்டார். இரண்டு நிமிடம் இருவரும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க ஏன் டவுனுக்குப் போயிடக் கூடாது?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "தனியா எப்படி இருக்கீங்க?"

"டவுன்ல ஒட்டகம் எங்க நிக்கும்? போனவங்களப் பாத்தேனே. வாசல்ல உக்காந்து ரோட்டையே பாத்துட்டிருக்காங்க." பிறகு, "இது எதிர்ப்பா, இல்ல பொதுவாப் பேசறதா?" என்று கேட்டார்.

"பொதுவாத்தான்," என்றாள். டேப்லெட்டில் எதுவும் எழுதவில்லை.

பொது விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. தலைநகரிலிருந்து பொது மேலாளரே வருகிறாராம். வந்தவுடன் அவரும் நலம் விசாரிப்பார், மைக் முன்னால் விசாரிப்பார். அங்கே இரண்டாம் கிண்ணம் எல்லாம் கிடையாது. முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னால்தான் உண்டு என்று லொதோய்க்குப் புரிந்துவிட்டது. அதனால் தினமும் தண்ணீர் காட்டும்போது ஒட்டகங்களிடம் சொல்லிப் பழகினார்.

"நிம்மதியா இல்ல," என்பார். ஒட்டகங்கள் அசை போட்டபடி கேட்டுக்கொண்டிருக்கும். முதல் நாள் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மனைவி செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட வாசலில் வைத்து 'நிம்மதியா இருக்கோம்' என்றுதான் சொல்லியிருந்தார். அதை நினைத்துக்கொண்டே ஒருநாள் முழு வாக்கியமும் வந்துவிட்டது. வந்ததும், யாருமில்லாத வெளியில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதார்.

விசாரணைக்குப் பெரிய பந்தல் போட்டு நூற்றிருபது நாற்காலிகள் வரிசையாக வைத்திருந்தார்கள். மேடையில் இருபது பேர். பக்கவாட்டில் கேமராக்கள். நாற்காலிகளில் லொதோய். பின்வரிசையில் உட்கார்ந்தவரை முன்னால் வரச் சொன்னார்கள். பின்னால் காலியாகத் தெரிகிறது என்று மறுபடி நடுவில் உட்காரச் சொன்னார்கள்.

கொம்போ முதலில் பேசினார். "நாங்க இங்க வந்தப்ப ஏழு குடும்பம் இருந்துது. ஏழுக்கும் ஏழு அபிப்பிராயம். எந்தக் கூட்டம் போட்டாலும் சத்தம், வாக்குவாதம். இன்னைக்குப் பாருங்க, ஒரே குரல். இந்த ஒத்துமையைக் கொண்டுவர எங்களுக்கு ஒன்பது வருஷ உழைப்பு ஆச்சு."

மேடை கைதட்டியது. பொது மேலாளர் இறங்கி வந்து, லொதோயிடம் மூக்குப்பொடிச் சிமிழை நீட்டினார். மைக்கை இருவருக்கும் நடுவில் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"கோடை நிம்மதியாப் போகுதா, ஐயா?"

"இல்ல," என்றார் லொதோய். காது மடல் சுட்டது. அப்பா உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் சாட்டையை எடுத்திருப்பார். "நிம்மதியா இல்ல. ஒட்டகம் கொழுக்கல, ஒன்பது செத்துப்போச்சு. தண்ணி இல்ல. ஒன்பதாம் நம்பர் குழாயை நிறுத்துங்க. என்கூட இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க."

அப்படி ஒரு பதிலை அங்கிருந்த யாரும் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பொது மேலாளர் லொதோயின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது.

"கேட்டீங்களா?" என்று மேடையைப் பார்த்துச் சொன்னார். "பெத்த தாய்கிட்டகூட நம்ம ஆளுங்க இப்படிப் பேச மாட்டாங்க. நம்மகிட்டப் பேசறாரு. எவ்வளவு நம்பிக்கை இருந்தா இப்படி ஒரு வார்த்தை வரும்? போன வருஷம் நூறு சதவீதத் திருப்தி. இந்த வருஷம் நூறு சதவீத நம்பிக்கை."

குழாயை நிறுத்தும் பேச்சு விஞ்ஞானிகளிடம் போனது. கிணறு ஏன் இறங்குகிறது என்று முதலில் ஆராய வேண்டும், ஆராயத் துளையிட வேண்டும், துளையிடச் சமூகத்தின் சம்மதம் வேண்டும். ஐந்து நிறக் காகிதங்களில் லொதோய் ஐந்து கையெழுத்துப் போட்டார். இடம் என்ற கட்டத்தில் 'சமூகம் வாழுமிடம்' என்று அச்சிட்டிருந்தது. கிணறு பிழைக்கும் என்றால் ஐம்பது கையெழுத்தும் போட்டிருப்பார்.

கிணற்றிலிருந்து நாற்பது அடி தள்ளித் துளை போட்டார்கள். தண்ணீர் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளப்பதற்காக, பதினொரு நாள் இடைவிடாமல் பம்பு வைத்து இறைத்து மணலில் விட்டார்கள். பன்னிரண்டாம் நாள் லொதோய் வாளியை இறக்கினார். பதினேழு பாகம் போய், கல்லில் மோதும் சத்தம் வந்தது. ஆய்வறிக்கை ஆறு பக்கம். இனிமேல் நீர்மட்டம் குறைய வாய்ப்பில்லை என்று அதில் முடித்திருந்தார்கள்.

மிஞ்சிய ஐம்பத்திரண்டு ஒட்டகங்களோடு லொதோய் வடக்கே நடந்தார். பதினான்கு நாள் நடை. ஒரு பள்ளத்தாக்கில் நான்கு வீடுகளின் புகையும், நீர் நிறைந்த கிணறும் தெரிந்தன. ஷாரவ் என்பவர் எதிரே வந்து ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார். அவர் மனைவி ஹந்தா தேநீர் ஊற்றினாள். முதல் கிண்ணத்துக்கு லொதோய் நிம்மதியாக இருந்தார். இரண்டாம் கிண்ணத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாவது, நான்காவது என்று போனது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அஞ்சு பதவியா?" என்று ஷாரவ் சிரித்தார். "மகளிர் பிரதிநிதி வந்திருக்காங்க, மரியாதையா உக்காரு ஹந்தா."

"தையல் மெஷினைக் கொண்டுவந்தீங்களா, இல்லையா? அதச் சொல்லுங்க," என்றாள் அவள்.

கிணற்றில் தண்ணீர் இறைக்க நான்கு வீட்டாருக்கு அடுத்த முறையை அவருக்கு என்று ஒதுக்கினார்கள். நான்கே பாகத்தில் வாளி நிறைந்தது. அடுத்த வருடம் உள்ளாட்சிப் பதிவேட்டிலும் அந்தப் பள்ளத்தாக்கே அவர் ஊர் என்று ஏறியது. லொதோய் அந்த ஒரு வருடத்தில் பேசியதை முந்திய ஒன்பது வருடத்தில் பேசியிருக்க மாட்டார். சில நாள் அவர் வருவதைப் பார்த்துவிட்டு ஹந்தா, "ஐயோ, கதை வருது," என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் கெட்டிலை வைப்பாள். அது அவர் காதிலும் விழும். அதைக் கேட்பதற்காகவே போவார்.

இலையுதிர்காலத்தில் இரண்டு வெள்ளை வண்டிகள் வந்தன. முதல் வண்டியிலிருந்து அனுஜின் குதித்து ஓடிவந்தாள்.

"அண்ணே, உங்களத் தேடாத இடமில்ல. நீங்க போனதும் துறையையே மூடறதா இருந்தாங்க. முப்பத்தொரு குடும்பம்ணே. பதிவேட்டுல உங்க பேரு கிடைச்ச பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்துது."

"அங்கதான் இப்ப யாருமே இல்லியே. இங்க என்ன வேலை?"

"கமிட்டிக்கு இன்னும் ரெண்டு வருஷம் பதவிக்காலம் இருக்கு. கமிட்டி எங்கயோ அங்கதான் சமூகம்." அவள் குரல் இறங்கியது. "இந்தப் பள்ளத்தாக்குலயும் செம்பு இருக்காம். துளை போட்டுப் பாக்க வந்திருக்கோம்."

"இங்க இருக்கறவங்க சம்மதிக்க வேணாமா?"

பின்னால் வந்த கொம்போதான் பதில் சொன்னார். "சம்மதம் ஏற்கெனவே இருக்குண்ணே. சமூகம் வாழுமிடத்துல துளையிடலாம்னு அஞ்சு கையெழுத்து." ஷாரவின் பக்கம் திரும்பிக் கைகுலுக்கினார். "உங்களுக்குக் கவலையே வேணாம். எங்களப் பத்தி லொதோய் அண்ணன்கிட்டக் கேளுங்க. இத்தனை வருஷப் பழக்கம்."

ஷாரவ் எதுவும் கேட்கவில்லை. விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். லொதோய் அவர் பின்னாலேயே போய், "நான் கிணத்துக்குன்னு நெனச்சுத்தான் போட்டேன், தம்பி. கிணறு பிழைக்கும்னாங்க," என்றார்.

"தெரியும்ணே. நீங்க சொன்னதுதானே," என்றார் ஷாரவ். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் லொதோய்க்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் காலையில் பார்த்தபோது நான்கு வீடுகளின் கம்பளியையும் உருவிவிட்டிருந்தார்கள். குளிர்கால இடத்துக்குப் போக இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. லொதோய் சுருட்டிய கம்பளிகளுக்குக் கயிறு இறுக்கிக் கட்டக் கை கொடுத்தார். ஹந்தா ஒரு பை நிறைய உலர்ந்த தயிர்க்கட்டிகளை அவர் கையில் வைத்தாள், ஒன்றும் கேலி செய்யவில்லை.

"எங்க போறீங்க?" என்று லொதோய் கேட்டார். அந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு யாரும் மழுப்ப மாட்டார்கள். மலையின் பெயர், ஓடையின் பெயர், எத்தனை நாள் நடை என்று எல்லாம் சொல்வார்கள். பின்னால் வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டுமே.

ஷாரவ் சேணத்தின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். "இன்னும் முடிவு பண்ணலைண்ணே," என்றார்.

லொதோய் தலையாட்டினார். "சரிதான், முடிவு பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிணற்றங்கரைக்கு வந்தார். நான்கு குடும்பங்களின் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டதும் அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இறைத்தார். தொட்டி வழிந்த பிறகும் இறைத்தார். சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. திசை தெரிந்துவிட்டால், கம்பெனியிலிருந்து வந்து கேட்பவர்களிடம் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.